அண்டா உப்பும் ஆன்லைன் ஜதி நோட்டும்

பரதநாட்டிய வகுப்புக்கு ஒரு நோட்டு உண்டு. அடவுச் சொல்லுக்கட்டு, ஜதிஸ்வரத்தின் கோர்வை, வர்ணத்தின் தீர்மானம் எல்லாம் அதில்தான் ஏறும். டீச்சர் ஒன்றைத் திருத்தினால் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். இப்போது டீச்சர் சென்னையில் இருக்கிறார், மாணவி டொராண்டோவில். நோட்டு கூகுள் டாக்ஸுக்குப் போய்விட்டது. அதில் இருவரும் எழுதலாம், ஒரே நேரத்தில் ஒரே வரியிலும் எழுதலாம். இரண்டு ஊரில் இரண்டு பேர் கை வைத்தும் எழுத்து குழம்பாமல் நிற்கிறதே, எப்படி? ஒரு கல்யாணச் சமையற்கூடத்துக்குள் போனால் புரிந்துவிடும்.

அண்டாவில் இல்லை, நோட்டில் இருக்கிறது

அடுப்பில் ஒரு அண்டா சாம்பார். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஸ்டோர் ரூம் வாசலில் தலைமை மாஸ்டர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பருப்பு போட்டாச்சு, புளித்தண்ணி விட்டாச்சு, சாம்பார் பொடி போட்டாச்சு என்று எது விழுந்தாலும் அவர் நோட்டில் ஒரு வரி ஏறும். அண்டா கவிழ்ந்தாலும் பயமில்லை. நோட்டை முதல் வரியிலிருந்து பிடித்தால் அதே சாம்பாரை மறுபடி இறக்கிவிடலாம்.

கூகுள் டாக்ஸ் சேமிப்பதும் அந்த நோட்டைத்தான். திரையில் தெரியும் பக்கம் வெறும் சாம்பார். உள்ளே இருப்பது ‘இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர்’, ‘இங்கிருந்து இத்தனை எழுத்தை எடு’, ‘இந்தச் சொல்லைத் தடிமனாக்கு’ என்று வரிசையாக வரும் கட்டளைகள். சாம்பாரில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. ஆனால் உப்புக்கு முந்தைய வரி வரை மறுபடி சமைக்கலாம். பதிப்பு வரலாற்றில் போன மாதத்துத் தீர்மானத்தை அப்படியே பார்க்க முடிவது இதனால்தான்.

இடம் நகர்ந்தால் என்ன ஆகும்?

நோட்டில் ‘தகிட தகிட’ என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றும் மூன்றும் 6 அட்சரம். ஆதி தாளத்துக்கு 8 வர வேண்டும், 2 குறைகிறது. மாணவி கடைசியில் ஒரு இடைவெளி விட்டு ‘தக’ சேர்க்கிறாள். அதே நொடியில் டீச்சர் முதலில் ‘தா’ போட்டு இடைவெளி விடுகிறார். தா-வை 2 அட்சரம் நீட்டினால் அவர் கணக்கிலும் 8.

கணினி எழுத்தை எண்ணும் முறை வேறு. ‘கி’ நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு: க ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் குறி ஒன்று. ஆக ‘தகிட’ அதற்கு 4, நடுவிலுள்ள இடைவெளியோடு ‘தகிட தகிட’ 9. மாணவியிடமிருந்து போகும் கட்டளை ‘9-க்குப் பின் சேர்’. அது போய்ச் சேருவதற்குள் டீச்சரின் ‘தா’வும் இடைவெளியும் முன்னால் ஏறி, எல்லாவற்றையும் 3 இடம் தள்ளிவிட்டன. அந்த 9-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் வரி இப்படி ஆகும்: ‘தா தகிட த தககிட’. எந்த நட்டுவனாராலும் சொல்ல முடியாத ஜதி.

சமையற்கூடத்திலும் இதே கதைதான். ‘5-வது வரிக்குப் பின் பெருங்காயம்’ என்று ஒருவர் குரல் கொடுக்கிறார். அதற்குள் மேலே ஒரு வரி புதிதாக ஏறிவிட்டது. விவரமுள்ள மாஸ்டர் என்ன செய்வார்? ‘நீ சொன்ன 5 இப்போ 6’ என்று தானே மாற்றி எழுதிக்கொள்வார். கணினியும் 9-ஐ 12 ஆக்கிக்கொள்கிறது. வரி ‘தா தகிட தகிட தக’ என்று ஒழுங்காக வந்துவிடுகிறது.

இதற்குப் பெயர் ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன். கிளாரன்ஸ் எல்லிஸும் சைமன் கிப்ஸும் 1989-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வந்த யோசனை. கூகுள் 2010-ல் தன் எடிட்டரைப் புதிதாக எழுதியபோது இதை அடித்தளமாக வைத்தது.

வரிசையை யார் முடிவு செய்வது?

தலைமை மாஸ்டர், அதாவது கூகுளின் சர்வர். யாருடையது முதலில் வந்தது என்பதில் அவர் சொன்னதே முடிவு. வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வரிசை எண் போடுகிறார். மாணவி தட்டியது அவள் திரையில் உடனே தெரியும், காத்திருக்க வேண்டியதில்லை. பின்னணியில் அது சர்வருக்குப் போய், ‘ஏறியாச்சு’ என்று பதில் வந்த பிறகே அடுத்த கட்டு கிளம்பும். சிக்னல் இல்லாத சுரங்க ரயிலில், ஆஃப்லைன் வசதியைப் போட்டு வைத்திருந்தால், எழுதியது போனிலேயே காத்திருக்கும். வெளியே வந்ததும் போய்ச் சேர்ந்து, நகர வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும்.

மாஸ்டரே இல்லாமலும் நடத்த ஒரு வழி உண்டு. வரி எண்ணைச் சொல்லாமல் ‘கடுகு வெடிச்சதும் கறிவேப்பிலை’ என்று சொல்லிவிட்டால் மேலே எத்தனை வரி ஏறினாலும் கவலையில்லை. அதுபோல ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத ஓர் அடையாளம் கொடுத்து, ‘இன்ன எழுத்துக்குப் பின்’ என்றே கட்டளை அனுப்பும் முறை சிஆர்டிடி. 2011-ல் மார்க் ஷாபிரோவும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார்கள். நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்து வரிசை சொல்லத் தேவையில்லாததால், இணையம் இல்லாமலே நெடுநேரம் வேலை செய்யும் செயலிகளுக்கு இது பொருந்தும்.

எழுத்து சரி, தாளம்?

‘தா தகிட தகிட தக’ என்ற வரியை இப்போது எண்ணிப் பாருங்கள். 2, 3, 3, 2. மொத்தம் 10. டீச்சர் போட்டது தனியாக இருந்தால் 8, மாணவி போட்டது தனியாக இருந்தாலும் 8. சேர்த்து வைத்ததில் தாளம் போய்விட்டது. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை, கணினியின் கணக்கில் எல்லாம் சரி.

உப்பு இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது, இருவரும் ஒரு கை போட்டார்கள். மாஸ்டர் இரண்டையும் ஒழுங்காக நோட்டில் ஏற்றினார். அவர் வேலை எதையும் விடாமல் எழுதுவது. ருசி பார்ப்பது அவர் வேலை இல்லை. இருவர் எழுதியதும் தொலையாது, இருவர் திரையிலும் கடைசியில் ஒரே வரி நிற்கும் என்ற இரண்டுக்கு மட்டுமே இந்த முறைகள் பொறுப்பு. அந்த வரி ஆதி தாளத்துக்குள் அடங்குகிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது.

ஆகவே, யார் கை அண்டாவுக்குள் போகலாம் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். கோப்பைப் பகிரும்போதே பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்று மூன்று படி இருக்கிறது. சொல்லுக்கட்டும் தீர்மானமும் உள்ள கோப்பில் திருத்தும் உரிமை டீச்சருக்கு மட்டும் இருக்கட்டும். மாணவிக்குக் கருத்து உரிமை போதும். அவள் பரிந்துரையாக எழுதினால் அது வேறு நிறத்தில் தனியாக நிற்கும். உப்பைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாயிற்று, இன்னும் கொட்டவில்லை. ‘அக்கா, இந்த வரி எட்டுக்கு வரலை, கடைசியில தக சேர்த்தா சரியா வருமா?’ என்று பக்கத்திலேயே கேட்டும் வைக்கலாம்.

அரைமண்டி உட்கார மறப்பது, இடது கைப் பதாகத்தில் கட்டைவிரல் நீட்டிக்கொள்வது போன்ற அவரவர் குறிப்புகளுக்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். அதில் இருவரும் தாராளமாக எழுதட்டும். ஒன்றுக்கு இரண்டாக ஏறினாலும் அங்கே நஷ்டமில்லை. ஓர் உருப்படி முடிந்ததும் அன்றைய பதிப்புக்கு ‘ஜதிஸ்வரம், முழுதும்’ என்று பெயர் போட்டு வைத்தால், பிறகு எவ்வளவு மாறினாலும் தேடாமல் அங்கே திரும்பலாம்.

பரிந்துரையின் ‘ஏற்றுக்கொள்’ பொத்தானை மட்டும் டீச்சர் கையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு அழுத்தட்டும். 8-ஆ 10-ஆ என்று சர்வர் சொல்லாது.