மரவள்ளி இலையைப் படிக்கும் இயந்திரம்

மரவள்ளியில் தேமல் நோய் கண்டால் சேலம், நாமக்கல் பகுதி விவசாயிக்கு வரப்பில் நின்றபடியே தெரிந்துவிடும். இலை திட்டுத் திட்டாக வெளுத்து, சுருங்கிக் கோணிக்கொள்ளும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே பயிரைத் தாக்கும் பழுப்புக் கோடு நோய் அவ்வளவு நேர்மையானதல்ல. செடி செழிப்பாகவே நிற்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பை ஒட்டி லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். அடி இலை பழுப்பது இயற்கைதானே என்று விட்டுவிடுவார்கள். கிழங்கைத் தோண்டி வெட்டிப் பார்க்கும்போதுதான் உள்ளே தக்கை போலக் காய்ந்து அழுகியிருப்பது தெரியவரும். அதற்குள் அந்தச் செடியின் குச்சிகள் பக்கத்துக் காட்டிற்கும் விதைக்குப் போயிருக்கும்.

அந்நாளில் தாங்கனிகா எனப்பட்ட தான்சானியாவில் 1936ஆம் ஆண்டிலேயே இந்நோய் விவரிக்கப்பட்டது. வெள்ளை ஈயும் நோயுற்ற விதைக் குச்சியும் இதைப் பரப்புகின்றன. வைரஸ் நோயாதலால் மருந்தடித்துக் குணப்படுத்த வழியில்லை. நோயற்ற செடியைப் பார்த்துக் குச்சி எடுப்பதே பாதுகாப்பு. ஆனால் பார்த்துச் சொல்லும் நிபுணர்கள் எத்தனை காடுகளுக்குப் போக முடியும்? அந்த வேலைக்குத்தான் விஞ்ஞானிகள் செயற்கை நுண்ணறிவைப் பழக்கத் தொடங்கினார்கள்.

99இலிருந்து 31

இந்தக் கம்ப்யூட்டர் முறைக்கு நோயின் அடையாளங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. 'இது தேமல், இது நல்ல இலை' என்று பெயரிட்ட படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள். தகப்பனோடு சந்தைக்குப் போய்ப் போய் மாட்டுக்குச் சுழி பார்க்கக் கற்றுக்கொள்ளும் பையனைப் போல, அது தானாகவே வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறது.

2016இல் சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு இப்படி ஒரு முறையைப் பழக்கினார்கள். பயிரும் நோயும் சேர்ந்து மொத்தம் 38 வகைகள். பழக்காமல் ஒதுக்கி வைத்திருந்த படங்களைக் காட்டியபோது நூற்றுக்கு 99.35 சரியாகச் சொன்னது. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோதோ 31.4 ஆக இறங்கிவிட்டது. இதை அவர்கள் ஒளிக்காமல் அதே கட்டுரையில் வெளியிட்டது பாராட்டுக்குரியது. 99ஐ மட்டும் பெரிய எழுத்தில் போட்டவர்களே அதிகம்.

காரணம் என்ன? பழக்கிய படங்களெல்லாம் இலையைப் பறித்து, சாம்பல் அல்லது கறுப்புத் தாளின் மேல் வைத்து எடுத்தவை. காட்டில் இலை அப்படியா இருக்கிறது? மண், களை, நிழல், பக்கத்து இலை எல்லாம் சேர்ந்தே கண்ணில் படும். 2022இல் ஒரு ஆராய்ச்சியாளர் இலையையே காட்டாமல், படத்தின் ஓரங்களிலிருந்து 8 புள்ளிகளை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் முறைக்குக் கொடுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் நூற்றுக்கு மூன்றுகூடச் சரியாக வராத இடத்தில் அது 49 சரியாகச் சொன்னது! அதாவது அந்தப் படங்களில் நோயைப் பார்க்காமல், பின்னாலிருந்த தாளையும் வெளிச்சத்தையும் பார்த்தே மார்க் வாங்கிவிடலாம்.

காட்டுக்கே போனார்கள்

தான்சானியாவில் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிலையமும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வேறு வழியில் சென்றன. கேமராவை எடுத்துக்கொண்டு மரவள்ளி வயலிலேயே நின்ற நிலையில் இலைகளைப் படமெடுத்தார்கள். மரவள்ளி நோய் அறிந்த நிபுணர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டார்கள். தேமல், பழுப்புக் கோடு, பழுப்பு இலைப்புள்ளி, பச்சைச் சிலந்தி, செஞ்சிலந்தி, நல்ல இலை என ஆறு வகையில் 2,756 படங்கள்தான். 2017இல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு 93 சரியாக வந்தது.

பின்னர் இது 'நுரு' என்ற பெயரில் செல்போனுக்கு வந்தது. சுவாஹிலி மொழியில் ஒளி என்று பொருள். சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். 2020இல் வெளியான சோதனையில் தேமலையும் பழுப்புக் கோட்டையும் ஒரே இலையை வைத்து நுரு நூற்றுக்கு 65 சரியாகச் சொன்னது. விரிவாக்க அலுவலர்கள் 40 முதல் 58 வரை, விவசாயிகள் 18 முதல் 31 வரை. இந்நோய்களிலேயே ஊறிய நிபுணர்கள் மட்டும் இயந்திரத்தைவிடச் சற்று மேலே இருந்தார்கள். விவசாயியைக் குறைத்துப் பேச இதில் இடமில்லை. பச்சைச் சிலந்தி கடித்த இலையும் தேமல் இலையும் அனுபவசாலியையே ஏமாற்றும்.

ஒரே செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது நுருவின் கணக்கு 74 முதல் 88 வரை உயர்ந்தது. தேமல் மேலே இளம் இலைகளில் தெளிவாகத் தெரியும். பழுப்புக் கோடு அடி இலைகளில் தெரியும். ஓரிலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மனிதனுக்கும் கடினம்தான்.

குறி லேசாக இருக்கும் செடிகளில் இயந்திரம் இன்னும் தடுமாறுகிறது. சில ரகங்களில் இலையில் எந்த அடையாளமும் இல்லாமலேயே கிழங்கு கெட்டுவிடுவதும் உண்டு. கேமராவுக்கு மண்ணுக்குள் கண்ணில்லை. ஆகவே குச்சி உற்பத்திப் பண்ணைகளில் இன்றும் இலையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அறுவடையில் கிழங்கையும் கத்தியால் வெட்டிப் பார்க்கிறார்கள்.