கொடிநாளுக்கு அஞ்சு ரூபாய்

டிசம்பர் முதல் வாரம் வந்தால் தேனி மாவட்டத்தில் தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் ஒரு துண்டுக் காகிதம் குண்டூசியில் ஆடும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று பட்டை. தரைப்படை, கடற்படை, விமானப்படை. வகுப்பாசிரியர் கொடியைக் கொடுப்பார். பிள்ளை அஞ்சோ பத்தோ கொடுக்கும். மறுநாள் அந்தக் கொடிகளில் பாதி பள்ளி வாசலில் மிதிபட்டுக் கிடக்கும். எதற்குக் காசு கொடுத்தாய் என்று ஆறாம் வகுப்புப் பையனைக் கேட்டால், 'கொடிக்கு' என்பான். அவன் மேல் தப்பில்லை. அதற்கு மேல் அவனிடம் யாரும் சொல்லவில்லை.

1949-ல் மத்திய அரசு முடிவு செய்து, ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும், ஊனமுற்றுத் திரும்பியவர்களுக்கும், ஓய்வுபெற்ற வீரர்களுக்கும் இந்தப் பணம் போகிறது. அந்தந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இந்த வேலையைப் பார்க்கிறது. ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போர் நினைவு நாளில் பிள்ளைகளின் பங்கு என்றால் நம் ஊர்களில் பெரும்பாலும் இரண்டுதான்: காசு கொடுப்பது, இல்லையென்றால் வெயிலில் வரிசையாக நின்று கைதட்டுவது.

பிள்ளைகளின் சில்லறைக் காசு வேறு மாதிரியும் பேசியிருக்கிறது. பிரான்ஸின் வடக்கே வில்லெர்-ப்ரெத்தோனூ என்ற சிற்றூரை முதல் உலகப் போரில், 1918 ஏப்ரல் 25 வாக்கில், ஆஸ்திரேலியப் படை ஜெர்மானியரிடமிருந்து மீட்டது. சண்டையில் ஊர்ப் பள்ளிக்கூடம் தரைமட்டமானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் பென்னி பென்னியாகச் சேர்த்துக் கொடுத்த பணம் அதைத் திரும்பக் கட்ட உதவியது. 1927-ல் பள்ளி திறந்தது. ஆஸ்திரேலியாவை மறக்காதே என்று அந்தப் பள்ளி முற்றத்தில் கொட்டை எழுத்தில் இன்றும் எழுதியிருக்கிறது. கொடுத்த பிள்ளைகளுக்குத் தங்கள் காசு எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியும். வாங்கிய பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். தேவாரத்துப் பையனின் அஞ்சு ரூபாய்க்கு இப்படி ஒரு முகவரி இல்லை.

முகவரி வேண்டுமென்றால் தூரமாகப் போக வேண்டியதில்லை. மேகமலைக்கு அந்தப் பக்கம், இதே தேனி மாவட்டத்தில், குமணன்தொழு என்ற ஊர் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் முகாம் மேல் பனிச்சரிவு விழுந்து மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் ஒருவர் குமணன்தொழுவைச் சேர்ந்த லான்ஸ் ஹவில்தார் எஸ். குமார். பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்துப் பனிக்கடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார்.

இந்த ஒரு சம்பவத்தில் ஒரு வகுப்பறைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அங்கே ஏன் அத்தனை உயரத்தில் ஆள் நிற்க வேண்டும்? பனிச்சரிவு எப்படி உண்டாகிறது? சியாச்சினில் எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனியும் மூச்சுத் திணறலும் ஏன் அதிகம் பேரைக் கொல்கின்றன? புவியியல் வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் ஆளுக்கு ஒரு பீரியட் எடுத்தால் போதும். பிறகு டிசம்பரில் கொடி குத்தினால் பிள்ளை அதைக் கழற்றி எறிய யோசிக்கும்.

இறந்த வீரனை ஊர் நினைவில் வைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை, 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் உயிர்விட்ட அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். மாடு கவரும் சண்டையில் செத்த ஒருவனின் பேரும் ஊரும் கல்லில் நின்றுவிட்டன. கம்பத்தைத் தாண்டினால் வரும் கூடலூரை யாருக்கும் இது நினைவூட்டாமல் இருக்காது. புலிமான்கோம்பையின் பெயர் பள்ளி வரலாற்றுப் பாடத்திலும் வருகிறது; பிள்ளைகள் ஒரு மதிப்பெண் விடையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். தங்கள் மாவட்டத்துக் கல் என்பது எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்?

திருச்சியில் நிலைமை கொஞ்சம் தேவலை. 1999 மே 29 அன்று கார்கில் போரில், பட்டாலிக் பகுதியில் இறந்த மேஜர் சரவணனுக்கு நகரத்திலேயே நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு வீர சக்ரா விருது கொடுத்தார்கள். நினைவு நாளில் என்.சி.சி. மாணவர்கள் மரியாதை செலுத்துகிறார்கள். சிக்கல் என்னவென்றால் மே 29 கோடை விடுமுறையில் வருகிறது. ஜூலை 26, கார்கில் வெற்றி நாள், பள்ளிகளுக்கு வாகான தேதி.

அரசும் சும்மா இல்லை. பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 2021-ல் 'வீர் காதா' என்ற திட்டத்தைத் தொடங்கின. வீரதீர விருது பெற்றவர்களைப் பற்றிப் பிள்ளைகள் கவிதை, கட்டுரை, ஓவியம் செய்து அனுப்ப வேண்டும். முதல் ஆண்டு எட்டு லட்சம் பேர், 2024-ல் 1.76 கோடி. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் இணையத்தில் தேடி எழுதுகிறார்கள், பரிசுக்காக எழுதுகிறார்கள் என்ற சந்தேகம் எழாமல் இல்லை. விருது வாங்காமல் செத்தவன் கதையை யார் எழுதுவது?

இன்னொரு பக்கமும் உண்டு. வீரத்தை மட்டும் சொல்லிச் சொல்லிப் பிள்ளை மனதில் போரை ஒரு சினிமாச் சண்டையாக்கிவிடக் கூடாது. ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 நினைவு நிகழ்ச்சியில் அந்நகரத்து ஆறாம் வகுப்பு மாணவர்கள் இருவர் மேடையேறி அமைதி உறுதிமொழி வாசிக்கிறார்கள். பிரதமரும் பேசுகிற மேடை அது. அங்கே குழந்தைகளுக்கென்று தனி நினைவுச் சின்னமே இருக்கிறது. அணுகுண்டுக் கதிர்வீச்சால் 12 வயதில் இறந்த சடாகோவின் வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியில், நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் நிதி திரட்டி, 1958-ல் எழுப்பியது. இலங்கையின் வடக்கு, கிழக்கில் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊருக்கு ஊற்றுகிறார்கள். 2009-ல் முற்றுகைக்குள் சிக்கியவர்கள் உயிரைப் பிடித்துவைக்கக் குடித்த கஞ்சி அது. அதை வாங்கிக் குடிக்கும் பிள்ளைக்கு யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் பள்ளிகள் தங்கள் ஊரில் உள்ள போர் நினைவுச் சின்னம் ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. அதன் கதையைப் படிப்பதும், மாலை வைப்பதும் மாணவர்கள் பொறுப்பு. அடுத்த ஆண்டு அடுத்த வகுப்புக்குக் கை மாறும். கம்பம் பள்ளத்தாக்கிலும் இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது. ஓய்வுபெற்ற ராணுவக்காரர் இல்லாத ஊர் இந்தப் பக்கம் அபூர்வம். டீக்கடையில் கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். 'மாமா, நீங்க எங்கெல்லாம் இருந்தீங்க?' என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், மனுஷர் ஒரு மணி நேரம் பேசுவார். ஆள் இறந்துபோன வீடு என்றால் அப்படித் திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது. நல அலுவலகம் மூலமாக முதலில் கேட்க வேண்டும். அந்த வீட்டம்மா வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். சால்வை போட்டுப் போட்டோ எடுக்கும் ஆர்வத்தில் இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

மிச்சமிருப்பது தேதிப் பிரச்சினை. டிசம்பர் 7 அரையாண்டுத் தேர்வை ஒட்டி வருகிறது. அதனால்தான் கொடிநாள் காசோடு முடிந்துபோகிறது. ஜூலையிலேயே விசாரிக்கும் வேலையைத் தொடங்கி, டிசம்பரில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் பேசலாம். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இதற்குத் தோது. பத்தாம் வகுப்பை ஆசிரியர்கள் எப்படியும் விட மாட்டார்கள்.