மேளமும் வேண்டும், செவியும் வேண்டும்

மேளம் இல்லாத திருவிழா நமக்கு ஏது? தைப்பூசக் காவடியாயினும், அம்மன் ஆலயத் தீமிதியாயினும், உருமி உறுமத் தொடங்கியவுடன் நம் கால்கள் தாமே தாளமிடுகின்றன. தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் உருமி, தவில், மேடை டிரம்ஸ் ஆகியவற்றின் மீது ஆசை மிகுதி. அவ்வாசை நல்லதே. ஆயினும், அக்கலையைக் கேட்டு இன்புறும் செவியைக் காப்பது எவ்வாறு என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிக்கின்றனர். இருவர் இயல்பாக உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். டிரம்ஸ் முழங்கும்போது, வாசிப்பவரின் காதருகே ஒலி 100 டெசிபலைத் தாண்டுவதுண்டு. இந்த அளவு வேறு அளவுகளைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்காகி விடும். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழில்நல வல்லுநர்களின் கணக்கு. 88 ஆனால் 4 மணி நேரம். 91 ஆனால் 2 மணி நேரம். 94 ஆனால் 1 மணி நேரம். 100 ஆனால் 15 நிமிடமே! நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளும் தொழிலாளர்க்கு 8 மணி நேரச் சராசரியாக 85 டெசிபலையே எல்லையாக வகுத்துள்ளன. ஆலையில் காதுறை அணியும் தந்தையர் இதனை அறிவர். ஆயின், இயந்திரத்தின் ஓசையாயினும் இசையின் ஓசையாயினும், செவிக்கு இரண்டும் ஒன்றே.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அலைகளை மூளைக்கு எட்டும் செய்தியாக மாற்றுபவை இவையே. லாலாங் புல்லை ஒருமுறை மிதித்தால் அது மீண்டும் நிமிர்ந்து விடும். நாள்தோறும் பலர் மிதித்து நடந்தால் அவ்விடம் வெறுந்தடமாகி விடும். மயிரணுக்களின் நிலையும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: புல் மீண்டும் முளைக்கும், மனிதனின் மயிரணு முளைப்பதில்லை.

திருவிழா முடிந்து வீடு திரும்பியபின் காதில் ‘ஙொய்’ என்னும் இரைச்சல் கேட்பதும், காது அடைத்தாற்போல் இருப்பதும் செவி விடுக்கும் எச்சரிக்கையாகும். “போகப் போகக் காது பழகிவிடும்” என்று சிலர் கூறுவர். அது பழக்கமன்று, கேட்கும் ஆற்றல் குறைந்து வருவதன் அறிகுறியாக இருக்கலாம். முதலில் குறைவது உயர்ந்த சுருதியுடைய ஒலிகளைக் கேட்கும் திறனே. ஆசிரியர் பேசுவது காதில் விழும்; சொல் இன்னதென்று விளங்காது. பிள்ளை கவனமின்றி இருப்பதாக நாம் கடிந்துகொள்வோம். மெட்டாலிக்கா என்னும் அமெரிக்க இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், தமக்கு நீங்காத காதிரைச்சல் உள்ளதென வெளிப்படையாகக் கூறியுள்ளார். புகழும் பொருளும் இருந்தும் இழந்த செவியை மீட்க இயலவில்லை.

காக்கும் வழிகள் எளியவை. காதில் வைக்கும் நுரையடைப்பான் மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதனை விரல்களால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேல்நோக்கி இழுத்துச் செருகி, அது விரியும் வரை பிடித்திருத்தல் வேண்டும். வெறும் பஞ்சு போதிய காப்பளிக்காது. தகரக் கூரையின் கீழும் மூடிய அறையிலும் ஒலி எதிரொலித்துப் பெருகும். ஆதலால் பயிற்சியைத் திறந்த வெளியில் நடத்துதல் நன்று. இடையிடையே ஓய்வு கொள்ளலாம். பழகும்போது டிரம்ஸின் மேல் துணியோ ரப்பர் விரிப்போ இடலாம். வெட்டவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எனவே, கைக்குழந்தையைத் தோளில் சுமந்து மேளத்தின் அருகிலும் ஒலிபெருக்கியின் முன்னும் நிற்றலாகாது. காதிரைச்சல் ஓரிரு நாளில் அடங்கவில்லையெனில் மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! கைகள் தாளம் தவறாதிருக்கக் காதுகள் துணை நிற்க வேண்டும். காதை அடைத்துக்கொண்டு அடிப்பவன் கோழையல்லன். முதுமையிலும் தன் மேளத்தைத் தானே கேட்க விரும்பும் அறிவாளி. மேளத்தையும் போற்றுவோம், செவியையும் காப்போமாக!