பூ இல்லாத ஏப்ரன்

கார்க்கி என்றதும் நமக்கு ‘தாய்’ நாவல்தான் ஞாபகம் வரும். 1920களில் அமெரிக்காவில் ஓர் இளம் ஓவியர், தான் அந்த மாக்சிம் கார்க்கியின் உறவுக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாக்சிம் கார்க்கி என்பதே புனைபெயர். புனைபெயருக்கு ஏது சொந்தபந்தம்?

அர்ஷீல் கார்க்கி என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட அவரது இயற்பெயர் வோஸ்தானிக் அதோயன். 1904 வாக்கில், ஒட்டோமான் பேரரசில் வான் ஏரியை ஒட்டிய கோர்கோம் கிராமத்தில் பிறந்த ஆர்மீனியர். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று அப்பா அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். 1912இல் அம்மா ஷுஷான் பையனை வான் நகருக்கு அழைத்துப் போய் ஒரு போட்டோ எடுத்தார். கணவருக்கு அனுப்பத்தான், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று நினைவூட்ட. பூப்போட்ட ஏப்ரன் கட்டி அம்மா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் கையில் பூங்கொத்தோடு மகன்.

1915இல் ஆர்மீனிய இனப்படுகொலை. பிள்ளைகளோடு தப்பி யெரெவான் வந்து சேர்ந்த ஷுஷான், 1919இல் அங்கே பட்டினியால் இறந்தார். அடுத்த வருடம் மகனும் தங்கை வார்தூஷும் அமெரிக்காவில் கரை இறங்கினார்கள்.

போட்டோ அவர்களுக்கு முன்பே அங்கே போயிருந்தது. 1926 வாக்கில் அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தார் கார்க்கி. ‘ஓவியனும் அவன் தாயும்’ என்று இரண்டு ஓவியங்கள். ஒன்று நியூயார்க் விட்னி மியூசியத்தில், மற்றது வாஷிங்டன் நேஷனல் கேலரியில். வாஷிங்டன் ஓவியத்தை 1942 வாக்கில்தான் விட்டார். பெயின்ட் பூசுவார், காய்ந்ததும் பிளேடால் சுரண்டுவார், மறுபடி பூசுவார். விட்னி ஓவியத்தின் பரப்பு பீங்கான் மாதிரி வழவழத்தது. அத்தனை வருடம் உழைத்தும் அம்மாவின் கைகளுக்கு விரல் இல்லை. வெறும் வெள்ளைத் திட்டு. ஏப்ரனிலும் ஒரு பூ கிடையாது. பிக்காசோவைப் பார்த்துக் கற்ற எளிமை என்பார்கள். இருக்கலாம். போட்டோவில் கண்முன் இருந்த பூவை வரைய மனம் துணியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் ஆசிரியர் வேலை. மாணவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய ஓவியரான மார்க் ராத்கோ. நியூவார்க் விமான நிலையத்துக்கு வரைந்த சுவரோவியங்கள் மேல் பின்னாளில் பெயின்ட் அடித்தார்கள். பத்தில் இரண்டே மிஞ்சின. 1946இல் ஸ்டுடியோ எரிந்தது. சில வாரங்களில் புற்றுநோய் அறுவை சிகிச்சை. 1948இல் கார் விபத்தில் கழுத்து முறிந்தது, வரையும் கை மரத்தது, மனைவி குழந்தைகளோடு விலகினார். ஜூலையில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நல்ல காலம் இருந்தது. 1943 கோடையில் வர்ஜீனியாவில் மாமனார் வீட்டுப் பண்ணைக்குப் போனவர், புல்லுக்குள் உட்கார்ந்து வரைந்து தள்ளினார். ஏரிக்கரைக் கிராமம் திரும்பி வந்தது. சிலி நாட்டு ஓவியர் மத்தாவின் பழக்கத்தால் பெயின்டில் டர்பன்டைன் கலந்து நீர்க்க விடவும் கற்றுக்கொண்டார். பிளேடு போன இடம் தெரியவில்லை. 1944இல் ஒரு ஓவியம். இப்போது சியாட்டில் மியூசியத்தில் இருக்கிறது. முகமும் உருவமும் இல்லாமல், பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கசிந்து கான்வாஸில் வழிந்து இறங்குகின்றன. அதன் தலைப்பு: ‘என் அம்மாவின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் விரிவது எப்படி’.