வீடுகளில் பிளாஸ்டிக் குழாய் இணைக்கும் முறை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிணற்று மோட்டாரிலிருந்து வயலுக்கு ஜலம் கொண்டுபோகப் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் குழாய்களைக் குடியானவர்கள் வெகு காலமாக உபயோகித்து வருகின்றனர். வயல் வேலை முடிந்தபின் மிச்சமாகும் துண்டுகளைக் கொண்டே வீட்டிற்கும் குழாய் போட்டுக்கொள்வது அநேகருடைய வழக்கமாயிருக்கிறது. இது சிக்கனம்போலத் தோன்றினும், பின்னர் சுவரில் ஈரமும், அடிக்கடி பழுது பார்க்கும் செலவும், சில சமயங்களில் வயிற்றுப்போக்கு முதலிய நோய்களும் இதனால் விளைகின்றன. நன்றாகச் செய்யப்பட்ட குழாய் நடுவில் ஒழுகுவது அபூர்வம். பெரும்பாலும் ஒழுகுவது இணைப்புகளிலேயே. ஆகையால் எல்போ, டீ, சாக்கெட், யூனியன் முதலிய இணைப்புச் சாமான்களைத் தேர்ந்தெடுப்பதிலும், அவற்றை ஒட்டுவதிலும் செலுத்தும் சிரத்தையைப் பொறுத்தே வீட்டுக் குழாயின் ஆயுள் அமைகிறது.

ஒழுகும் இணைப்பினால் உண்டாகும் தீங்கு

பெரும்பாலான ஊர்களில் பொதுக் குழாயில் ஜலம் நாள் முழுவதும் வருவதில்லை. சில மணி நேரமே விடப்படுகிறது. ஜலம் ஓடுகையில் பழுதான இணைப்பின் வழியாக அது வெளியே கசிகிறது. ஜலம் நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறைந்துவிடுவதால், அதே இடுக்கின் வழியாகச் சுற்றிலும் தேங்கியுள்ள அழுக்கு ஜலம் உள்ளே புகுகிறது. மறுமுறை ஜலம் விடும்போது முதற் குடத்தில் அது கலந்து வருகிறது. ஊர்க் குழாயில் மோட்டாரை நேராகப் பொருத்தி உறிஞ்சுவோரால் இத்தீங்கு இன்னும் அதிகமாகிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடுகளுக்குக் குழாய் மூலம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் ஜலம் அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து சுத்தமாகப் புறப்படும் ஜலம் வீட்டு வாசலில் அசுத்தமாகுமாயின் அம்முயற்சி வீணே.

அளவு பொருந்துதல்

வயற் குழாயும் வீட்டுக் குழாயும் ஒரே வகையைச் சேர்ந்தவையல்ல என்பதைப் பலர் அறியார். வயற் குழாய் ஐ.எஸ். 4985 என்னும் இந்தியத் தரத்தின்படி மில்லிமீட்டர் அளவில் செய்யப்படுகிறது. அதில் சொல்லப்படும் அளவு குழாயின் வெளி விட்டமாகும். கடைகளில் வீட்டு வேலைக்கென விற்கப்படும் கனமான வெள்ளைக் குழாய் பெரும்பாலும் ஏ.எஸ்.டி.எம். என்னும் அமெரிக்கத் தரத்தின்படி அங்குல அளவில் செய்யப்படுகிறது. முக்கால் அங்குலக் குழாயின் வெளி விட்டம் 26.7 மில்லிமீட்டர், அதற்கு இணையென்று கருதப்படும் வயற் குழாயின் வெளி விட்டமோ 25 மில்லிமீட்டர். ஒரு அங்குலக் குழாய் 33.4 மில்லிமீட்டர், வயற் குழாய் 32 மில்லிமீட்டர்.

கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் இவ்வித்தியாசமே ஒழுக்குக்கு முதற் காரணம். தளர்ச்சியாக இருக்கும் இணைப்பில் பசையை நிறையத் தடவினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. பி.வி.சி. பசை இடுக்கை அடைக்கும் சாந்தன்று. அது குழாயின் மேற்பரப்பையும் எல்போவின் உட்பரப்பையும் சற்றே கரைத்து, இரண்டையும் ஒன்றாக்குகிறது. இரு பரப்புகளும் ஒன்றையொன்று தொட்டாலன்றி அது பயன்படாது. குழாயை நெருப்பில் காட்டி விரித்துப் பொருத்தும் வழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். விரிந்த இடத்தில் குழாயின் கனம் குறைந்து பின்னர் வெடிக்கும்.

ஆகையால் குழாயையும் இணைப்புச் சாமான்களையும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையாக வாங்குதல் வேண்டும். குழாயின் மேல் அச்சிட்டுள்ள தர எண், அளவு, தாங்கும் அழுத்தம் ஆகியவற்றைப் படித்துப் பார்த்தபின் பணம் கொடுப்பதே முறை. குடிநீருக்கு உபயோகிக்கும் குழாய் காரீயச் சேர்மானம் இல்லாததாயிருப்பது அவசியம். இது குறித்து மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்துள்ளது.

இடத்திற்கேற்ற வகை

10 மீட்டர் உயரத்திலுள்ள ஜலம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்கு இதனால் அதிக அழுத்தமில்லை. ஆனால் மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாய், மோட்டார் திடீரென நிற்கும்போது ஜலத்தின் அதிர்ச்சியையும் தாங்கவேண்டியிருப்பதால், தேவைக்கு மேற்பட்ட வலிமையுள்ளதாக இருக்கவேண்டும். வெந்நீர் செல்லுமிடத்தில் சாதாரணப் பி.வி.சி. இளகிவிடும், அங்கே சி.பி.வி.சி. குழாயையே போடவேண்டும். அதற்குரிய பசையும் வேறு. ஒன்றின் பசையை மற்றொன்றுக்கு உபயோகிக்கலாகாது.

இரும்பு அல்லது பித்தளைக் குழாயின் மரையைப் பிளாஸ்டிக் எல்போவுக்குள் திருகினால், இறுகும்போது பிளாஸ்டிக் பிளந்துவிடும். திருகுக் குழாய் வருமிடங்களில் உள்ளே பித்தளை மரை பதித்த எல்போவை வாங்குதல் நலம். விலை சற்று அதிகமாயினும், சுவரை உடைத்துப் பழுது பார்க்கும் செலவோடு ஒப்பிட அது அற்பமே.

ஒட்டும் முறை

1. குழாயை நேராக அறுத்து, பிசிரை நீக்கவேண்டும். சாய்வாக அறுத்த குழாய் எல்போவின் அடிவரை சமமாக அமராது.

2. பசையின்றி ஒருமுறை செருகிப் பார்க்கவேண்டும். பாதியளவு சென்று இறுகுவதே சரியான பொருத்தம். தானே அடிவரை விழுந்தால் அளவு பொருந்தவில்லை என்று அறியலாம்.

3. இரு பரப்புகளையும் துடைத்து உலர்த்தி, எல்போவின் உள்ளே மெல்லியதாகவும் குழாயின் மேல் தாராளமாகவும் பசை தடவவேண்டும். கூழ்போல் இறுகிய பழைய பசையை எறிந்துவிடுவதே நலம்.

4. குழாயைச் செருகுகையில் கால் சுற்றுத் திருப்பி, அடிவரை அழுத்தி, அரை நிமிஷம் பிடித்திருக்கவேண்டும். பிறகு அசைக்கலாகாது.

5. மரையுள்ள இடங்களில் டெஃப்லான் டேப்பை மரை செல்லும் திசையிலேயே மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கவேண்டும்.

6. ஒரு நாள் உலரவிட்ட பின்னரே ஜலம் விடவேண்டும். ஜலம் நிரப்பி, திருகுகளை மூடி, ஓர் இரவு வைத்திருந்து, ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்க்கவேண்டும். அதற்கு முன் பூச்சு வேலையோ பள்ளத்தை மூடுவதோ கூடாது.

வெயிலில் கிடக்கும் பி.வி.சி. நாளடைவில் நொறுங்குந்தன்மை அடைகிறது. மேலும், 10 மீட்டர் நீளமுள்ள குழாய் 20 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 15 மில்லிமீட்டர் நீளும். ஆகையால் வெளியே செல்லும் குழாயை நிழலான பக்கத்தில் கொண்டுபோய், நீளவும் சுருங்கவும் இடம் விட்டுக் கொக்கிகளில் தாங்கவிடவேண்டும். தரையில் புதைக்கும்போது கல்லில்லாத மண்ணைச் சுற்றிலும் இடவேண்டும். சாக்கடையை ஒட்டிப் புதைக்கலாகாது.

மிச்சமான வயற் குழாயைத் தோட்டத்திற்கோ, மாட்டுத் தொட்டிக்கோ உபயோகிப்பதில் தடையில்லை. குடிக்கும் ஜலத்திற்கு மட்டும் ஒரே தரத்துச் சாமான்களைப் புதிதாக வாங்குதல் வேண்டும். புது இணைப்புக் கொடுக்கும் காலத்தில், பள்ளத்தை மூடுமுன் இணைப்புகளைப் பார்வையிடுவதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் வழக்கமாக்கிக்கொள்வார்களாயின், ஒரு வீட்டின் அஜாக்கிரதையால் தெரு முழுவதும் நோய்க்கு ஆளாகாமல் தடுக்கலாம்.