காலில் சுருளும் ‘நரம்பு’

முள் குத்தவில்லை, மண்வெட்டி படவில்லை. உள்பக்கக் கரண்டைக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, ஒருநாள் புண்ணாகிவிடுகிறது. மாதக்கணக்கில் களிம்பு போட்டும் ஆறுவதில்லை. நூற்பாலையில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்கள், சத்திரப்பட்டி விசைத்தறித் தொழிலாளிகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர்கள், வயலில் நாற்று நடும் பெண்கள் என்று நின்றே பிழைக்கிற யாருக்கும் வரக்கூடிய தொல்லை இது.

நரம்பு சுருட்டல் என்கிறோம். ஆனால் அங்கே புடைத்திருப்பது நரம்பே இல்லை; இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. பெயரை நம்பி, நரம்புக்கென்று ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கியே பலர் காலத்தைக் கடத்துகிறார்கள்.

காலில் தோலுக்கு அடியில் இரண்டு முக்கியச் சிரைகள் உண்டு. பெரியது, உள்கரண்டை எலும்புக்குச் சற்று முன்னால் தொடங்கி, உள்கால் வழியாக ஏறி, தொடை இடுக்கில் ஆழச் சிரையோடு சேர்கிறது. உடம்பிலேயே நீளமான சிரை இதுதான். இதய பைபாஸ் அறுவைக்கு எடுத்து வைத்துத் தைப்பதும் இதைத்தான். 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அந்த முறையைத் தொடங்கிவைத்த ரெனே பாவலோரோ, அதற்கு முன் அர்ஜென்டினாவின் ஒரு சிற்றூரில் 12 ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். சிறிய சிரை, வெளிக்கரண்டைக்குப் பின்னால் கிளம்பி, கெண்டைக்கால் நடுவே ஏறி, முழங்காலின் பின்மடிப்பில் முடிகிறது.

முழங்காலுக்குக் கீழே பெரிய சிரையை ஒட்டி நிஜமான நரம்பு ஒன்றும் ஓடுகிறது. அறுவையில் அது சேதப்பட்டால் உள்கால் மரத்துப்போகும். அதனால்தான் சர்ஜன்கள் சிரையைக் கரண்டை வரை உருவி எடுக்கத் தயங்குகிறார்கள்.

கிணற்று மோட்டாரின் புட்வால்வு ஒழுகினால் குழாயில் தண்ணீர் நிற்காது அல்லவா? காலிலும் அதே கதைதான். சிரைகளுக்குள் அடுக்கடுக்காக, மேல்நோக்கி மட்டுமே திறக்கும் வால்வுகள் இருக்கின்றன. மோட்டார், கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது பிழிந்து இரத்தத்தை ஏற்றுகிறது. அசையாமல் நிற்கும்போது கரண்டைச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம், நடந்தால் 30-க்கும் கீழே இறங்கும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அவ்வளவு இறங்காது. இரத்தம் கீழே தேங்குகிறது, சிரை புடைத்துச் சுருள்கிறது, தோல் கறுக்கிறது, கடைசியில் புண்.

ஆகவே அழுத்தத்தைக் குறைக்காமல் எத்தனை களிம்பு பூசினாலும் வீண். சத்திரப்பட்டியில் நெய்யும் காஸ் துணி புண்ணை மூடத்தான். காலை அழுத்திப் பிடிப்பதற்கு இழுபடும் கிரேப் பேண்டேஜ் வேண்டும். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் டாக்டரிடம் பாத நாடியைக் காட்டாமல் இதைச் சுற்றக் கூடாது. காலுக்கு வரும் இரத்தமே குறைவாக இருந்தால், கட்டு காலையே கெடுத்துவிடும்.

கெட்ட வால்வு எது என்று டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். அதன்பின் லேசரோ அறுவையோ டாக்டர் முடிவு செய்வார். இராஜபாளையம் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டுபோய், பொருந்துமா என்று கேளுங்கள்.

புடைத்த சிரை ஒரு சிறு சிராய்ப்பில் உடைந்தால் இரத்தம் பீறிடும். பதறிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, தொடையில் கயிறு கட்டுவார்கள். இரண்டுமே ஆபத்து. உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் உடைந்த இடத்தையே விடாமல் அழுத்துங்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் நிற்கும். ஆனாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், அது ஆழச் சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகும். தைலம் தேய்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.