சேற்றில் பாயும் மோட்டார் சைக்கிள்!

சேறு கிடந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவதுதான் வழக்கம். ஆனால் சேற்றைத் தேடிப் போய் அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இது ஒரு விளையாட்டு. உலகம் முழுவதும் நடக்கிறது. பரிசும் கிடைக்கும். கை கால் முறிவதும் உண்டு!

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில் செம்மநத்தம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே செம்மண் நினைவு வரும். சேர்வராயன் மலை மண் அப்படிப்பட்டது. அலுமினியம் எடுக்க உதவும் பாக்சைட் தாது உள்ள மலை இது. கோடையில் மண் கல் போல இறுகிக் கிடக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், மேல் மண் வெண்ணெய் போல வழுக்கும். அடித்தரை மட்டும் கெட்டியாகவே இருக்கும். கால் வைத்தாலே சறுக்கும். சக்கரம் என்ன செய்யும்?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்று தோட்டங்களுக்குள் போகும் மண் பாதைகளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சேறு விளையாட்டு அல்ல, பிழைப்பு. பந்தயக்காரர் கற்கும் வித்தையை அவர்களும் கற்றாக வேண்டும்.

பெயர் வந்த கதை

இந்தப் பந்தயம் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டும் போட்டிகள் முன்பே நடந்தன. அவற்றில் வேகத்துக்கு மட்டும் அல்ல, கால் ஊன்றாமல் ஓட்டும் திறமைக்கும் மார்க் உண்டு. கேம்பர்லி என்ற ஊர்க்காரர்கள், "மார்க் வேண்டாம், யார் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி" என்று முடிவு செய்தார்கள். 1924-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி பந்தயம் நடந்தது. அதற்கு "ஸ்கிராம்பிள்" என்று பெயர் வைத்தார்கள். முண்டியடித்துக்கொண்டு ஏறுவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்! பிறகு இது பிரான்சு நாட்டுக்குப் போய் "மோட்டோகிராஸ்" ஆயிற்று.

நம் ஊர்ச் சாலைகளில் "தட் தட்" என்று போகும் புல்லட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1948-ல் இத்தாலியில் ஆறு நாள் பந்தயம் நடந்தது. புதிதாகச் செய்த புல்லட் வண்டிகள் அதில் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கின. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாக இருக்கும். புல்லட்டில் பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்து கொடுத்தது. பள்ளத்தில் விழுந்தாலும் சக்கரம் தரையை விடவில்லை. சில ஆண்டுகளில் இந்திய ராணுவம் அந்த வண்டியை வாங்கியது. 1955-ல் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாராகத் தொடங்கியது.

ஓட்டுவது எப்படி?

சேற்றில் ஓட்டுகிறவர் சீட்டில் உட்காரமாட்டார். கால்மிதியில் எழுந்து நிற்பார். முழங்காலால் பெட்ரோல் டாங்கியைக் கவ்விக்கொள்வார். வண்டி அடியில் ஆடட்டும் என்று விட்டுவிடுவார். உடம்பு ஆடாது. முன்சக்கரத்தின் மேல் பாரம் விழாதபடி சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பார்.

கண் எங்கே பார்க்கிறது என்பது முக்கியம். புதியவர் முன்சக்கரத்தையே பார்ப்பார், விழுவார். பழகியவர் பத்து இருபது அடி தள்ளிப் பார்ப்பார்.

முதல் கியரில் முறுக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, நடுவில் நிற்காமல் போய்விட வேண்டும். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் தீர்ந்தது! முன்சக்கரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இறக்கத்தில் கிளட்சைப் பிடிக்காமல் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

சக்கரத் தடம் ஆழமாக விழுந்திருந்தால் அதை விட்டு வெளியே வர முண்டக்கூடாது. அது போகிற வழியே போய், தடம் ஆழம் குறையும் இடத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். சிக்கிக்கொண்டால் முறுக்காமல் இறங்கிவிட வேண்டும். வண்டியை இடமும் வலமும் ஆட்டி, சக்கரத்தின் அடியில் கல்லோ சுள்ளியோ போட்டுத் தள்ள வேண்டும்.

பந்தய வண்டியின் டயரில் கட்டை கட்டையாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் நிறைய இடைவெளி இருப்பதால் சுற்றும்போது சேறு உதிர்ந்துவிடும். மட்கார்டு உயரத்தில் இருக்கும். சாதாரண வண்டியில் மட்கார்டு சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் சேறு அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். மலைக்காரர்களுக்கு இது தெரிந்த கதை.

ஓசூர் அணி

சேர்வராயன் மலைக்கு வடக்கே ஓசூரில் இருக்கிறது டி.வி.எஸ். கம்பெனி. அதன் பந்தயக் குழு 1982-ல் தொடங்கியது. உலகிலேயே கடினமானது என்று பெயர் வாங்கிய டக்கார் பந்தயம் வரை அந்தக் குழு போயிருக்கிறது. டக்கார் என்றால் பாலைவனம் என்றே பலரும் நினைப்பார்கள். 2017-ல் பொலிவியா நாட்டில் மழையும் சேறும் சேர்ந்து, ஒரு நாள் ஓட்டத்தையே ரத்து செய்ய வைத்தன!

கேரளத்தில் ஷொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா அந்தக் குழுவுக்காக ஓடியவர். 2023 பந்தயத்தில் விழுந்து முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே மறுபடி போனார். தமது பிரிவில் முதலாவதாகவும், மொத்தத்தில் 11-வதாகவும் வந்தார். டக்காரை முதன்முதல் முடித்த இந்தியர் பெங்களூர் சந்தோஷ். அது 2015-ல். 2021-ல் அவர் விழுந்து தலையில் அடிபட்டார். நினைவிழக்கச் செய்து வைத்தியம் பார்க்கும் அளவுக்கு நிலைமை போய், பிறகு பிழைத்தார். நெஞ்சுக் கவசம், முழங்கால் கவசம், ஹெல்மெட், டாக்டர் எல்லாம் உள்ள இடத்திலேயே இப்படி!

வீட்டில் வண்டி கேட்கும் பையன் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். வயது வராத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். நம்பர் இல்லாத பந்தய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. அங்கே காட்டெருமையும் உண்டு. மழை நாளில் ஊர்ப் பாதையை உழுது வைத்தால், சக்கரத் தடம் வாய்க்காலாகி மண்ணை அடித்துக்கொண்டு போகும். சொந்த நிலம் உள்ளவரிடம் அனுமதி கேட்டு, ஒரு துணையோடு பழகுவதே சரி.

பழகி முடித்ததும் வேலை தீர்ந்துவிடாது. சேறு காய்வதற்கு முன் வண்டியைக் கழுவ வேண்டும். பீய்ச்சும் குழாயைப் பேரிங் பக்கம் காட்டக்கூடாது. செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். டயரில் காற்று குறைத்திருந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். மெதுவாக நகர்த்தி, பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பார்த்து, ஈரம் போன பிறகே மலை இறங்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்!